விளக்கற்ற வண்டியும் விழிப்பற்ற அதிகாரமும்

விடியற்காலை நான்கு மணி. கிழக்கு வெளுக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கின்றது. கத்தரிக்காய் மூடை ஒன்றையும், அதன்மேல் கட்டிய கீரைக் கட்டுகளையும் கரியரில் சுமத்திக்கொண்டு வலிகாமத்துக் கமக்காரர் ஒருவர் மருதனார்மடச் சந்தையை நோக்கிச் சைக்கிள் மிதிக்கின்றார். அதே வேளையில், இரவுக் கடமை முடித்த வைத்தியசாலைச் சிற்றூழியர் ஒருவர் வீடு திரும்புகின்றார். குருநகர்க் கரையில் வலை இழுக்க வேண்டியவரும் வீதியில் இறங்கிவிட்டார். மாலையிலோ, கார்த்திகை மாத இருட்டிலே, ரியூசன் வகுப்பு முடிந்த பிள்ளைகள் கூட்டங் கூட்டமாக ஒழுங்கைகளிலிருந்து பெருவீதிக்கு வருகின்றார்கள். இவர்களுள் எத்தனை பேரின் சைக்கிளில் பின்விளக்கு எரிகின்றது? இன்றிரவே உமது படலையடியில் கால் மணி நேரம் நின்று எண்ணிப் பாருங்கள். விடை உமக்கே நாணத்தைத் தரும்.

சைக்கிள் விளக்கு ஒரு சிறு பொருள். அதனைப் பற்றி ஓர் அரசியல் வார ஏட்டில் எழுதுவதா என்று கேட்போர் இருப்பர். சிறு பொருள்தான். ஆனால் அச்சிறு பொருள் இல்லாமையால் உயிரிழப்பவர் யார், அங்கவீனராகுபவர் யார், அதன் பின்னர் சட்டத்தின் வாசலில் வெறுங்கையோடு திரும்புபவர் யார் என்று பார்த்தால், அவர் எப்போதும் உழைப்பாளியாகவே இருக்கின்றார். உழைப்பாளியின் உயிரைத் தொடும் பொருள் எதுவாயினும் அஃது அரசியலே.

நீதிமன்றத்தில் நாம் கண்டது

எம்மிடம் வந்த வழக்கொன்றைச் சொல்வோம். பெயரும் ஊரும் வேண்டா. தோட்டக்காரர் ஒருவர் சந்தைக்குச் செல்லும் வழியில் பின்னால் வந்த லொறி மோதி ஒரு காலை இழந்தார். நட்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தோம். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி நீண்ட குறுக்கு விசாரணை எதுவும் நடத்தவில்லை. ஒரே ஒரு வினாவைத்தான் கேட்டார்: “உமது சைக்கிளில் பின்விளக்கு இருந்ததா?” கூண்டில் நின்றவர் தலையைக் குனிந்தார். அந்தத் தலைகுனிவோடு வழக்கின் பாதி போய்விட்டது.

நாமும் எமது முறை வந்தபோது ஒரு வினாவை எழுப்பினோம். அந்த லொறியின் முன்விளக்குகள் இரண்டும் எரிந்தனவா? அதற்கு விடை கூற எவராலும் இயலவில்லை. விபத்து நடந்த இடத்தில் எழுதப்பட்ட குறிப்பின் முதல் வரியே “சைக்கிளில் விளக்கு இருக்கவில்லை” என்பது. லொறியின் விளக்கைப் பற்றியோ, அதன் வேகத்தைப் பற்றியோ, அவ்விடத்து வீதி விளக்குக் கம்பம் எத்தனை நாளாக இருண்டு நின்றது என்பதைப் பற்றியோ ஒரு வரியேனும் அதில் இல்லை. ஏழையின் குறை எழுத்தில் ஏறியது. வலியவனின் குறை இருட்டிலேயே தங்கிவிட்டது.

சட்டத்தை நாம் பழிக்கவில்லை. முற்காலத்தில், பாதிக்கப்பட்டவரிடத்தும் தவறுண்டு எனக் காட்டிவிட்டால் அவருடைய கோரிக்கை முழுவதுமே வீழ்ந்துவிடும் ஆபத்து இருந்தது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அந்தக் கொடுமையை நீக்கி, இரு பாலாரின் தவற்றையும் நிறுத்துப் பங்கிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளித்தது. நல்ல சட்டம். ஆயினும் தராசில் ஒரு தட்டுக்கு மட்டும் எடை போடப்பட்டால், எத்துணை நல்ல தராசும் கோணித்தான் நிற்கும். இருட்டில் விளக்கின்றிச் சைக்கிள் செலுத்துவது குற்றம். அக்குற்றம் எமது மக்களின் தட்டில் வைக்கப்படும் முதற் கல். அக்கல்லை நாமே எடுத்துக் கொடுப்பானேன்?

பிரித்தானியாவில் நடந்த வாதம்

பின்விளக்கைப் பற்றிய இந்த வழக்கு புதியதன்று. மோட்டார் வண்டி பெருகத் தொடங்கிய காலத்தில் பிரித்தானியாவிலே பெரும் வாதம் நிகழ்ந்தது. சைக்கிளுக்குப் பின்விளக்கைக் கட்டாயமாக்கலாகாது என்று வாதிட்டவர்கள் யார்? சைக்கிளோட்டிகளே! 1878இல் தோன்றிய சைக்கிளோட்டிகள் சுற்றுலாக் கழகம் அதனை வன்மையாக எதிர்த்தது. மோட்டார் ஓட்டுபவன் தன் விளக்கொளியில் தெரியும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் ஓட்ட வேண்டியவன். முன்னால் போவோரைப் பார்ப்பது அவனுடைய கடமை. பின்விளக்கைச் சைக்கிள்மீது சுமத்தினால், “விளக்கைக் காணவில்லை, ஆகவே இடித்தேன்” என்று அவன் தப்பித்துக்கொள்வான் என்பதே அவர்களின் வாதம். 1927ஆம் ஆண்டுச் சட்டம் சிவப்புத் தெறிப்பானோடும் அமைய இடம் கொடுத்தது. 1939இல் போர் மூண்டு, நகரங்கள் இருட்டடிப்பில் மூழ்கியபோது பின்விளக்கு கட்டாயமாயிற்று. 1945இல் நிறைவேறிய சட்டம் அதனை நிலைபெறச் செய்தது.

அன்று தோற்றவர்கள் முழுவதும் பிழையாகப் பேசினார்களா? இல்லை. அவர்கள் அஞ்சியதே எமது வழக்கில் எம் கண்முன் நடந்தது. ஆனால் அவர்கள் ஒன்றை மறந்தார்கள். கடமை யாருடையது என்பது நீதிமன்றத்தில் தீரும் வினா. உயிர் யாருடையது என்பதோ வீதியிலேயே தீர்ந்துவிடும் வினா. வழக்கில் வென்றாலும் வெட்டிய கால் முளைப்பதில்லை. ஆகவே எமது நிலை இதுதான்: விளக்கை நாம் பூட்டுவோம். ஆனால் நாம் விளக்குப் பூட்டுவதைக் காரணம் காட்டி ஏனையோர் தத்தம் கடமையினின்று நழுவ ஒருபோதும் இடங்கொடோம்.

ஒளி பகையாயிருந்த காலம்

எமது மக்களிடம் விளக்கின்றி ஓடும் வழக்கம் எங்ஙனம் வேரூன்றியது? சோம்பலால் மட்டும் என்று சொல்பவர் வரலாறு அறியாதவர். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று. எரிபொருளும் மின்கலமும் தடைப்பட்ட பொருள்களின் வரிசையில் இருந்தன. ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சுத் திரியும் இட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, அதன் டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். விளக்கெரியப் பிறந்த டைனமோ செய்தி சொல்லப் போய்விட்டது! போதாக்குறைக்கு, வானூர்தி இரைந்தால் இருந்த வெளிச்சத்தையும் அணைத்தோம். ஒரு தலைமுறை முழுவதும் ஒளியைப் பகையாகவும் இருட்டைக் காவலாகவும் கொண்டு வாழ்ந்தது.

ஆனால் அன்று வீதியில் என்ன ஓடியது? பெற்றோல் இல்லாத ஊரில் சைக்கிளே ஓடியது. இருட்டில் ஒருவரோடொருவர் முட்டினால் முழங்கால் உரசும், அவ்வளவே. இன்று நிலை வேறு. 2009இன் பின் ஏ9 வீதியும் குடாநாட்டுப் பெருவீதிகளும் அகலித்துத் தார் மெழுகப்பட்டன. வழவழத்த வீதியில் மணல் ஏற்றிய டிப்பரும், கொழும்புப் பேருந்தும், இளைஞரின் மோட்டார்ச் சைக்கிளும் பறக்கின்றன. வீதி மாறியது, வேகம் மாறியது, எமது வழக்கம் மட்டும் மாறவில்லை. 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்று களைத்தபோது உத்தியோகத்தரும் ஆசிரியரும் மீண்டும் சைக்கிளில் ஏறினார்கள். அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நிகழ்ந்தது. இருண்ட வீதியில், விளக்கற்ற வண்டியில், பழைய பழக்கத்தோடு மீண்டும் புறப்பட்டோம். அன்று எம்மைக் காத்த இருட்டு இன்று எம்மைக் கொல்கின்றது என்பதை இனியேனும் உணரவேண்டும்.

இருட்டின் கணக்கு

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீற்றரைக் கடந்துவிடும். ஓட்டுபவர் ஒன்றைக் கண்டு, இன்னதென்று அறிந்து, பிறேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி ஆகின்றதெனக் கொள்வோம். அதற்குள் 25 மீற்றர் போய்விட்டது. உலர்ந்த வீதியில் நல்ல பிறேக்குடைய கார் நிற்க இன்னும் ஏறத்தாழ 20 மீற்றர் வேண்டும். ஆக 45 மீற்றர். பாரம் ஏற்றிய லொறிக்கும் மழை நனைத்த வீதிக்கும் இது போதாது. தாழ்த்திய முன்விளக்கின் ஒளியில் கறுத்த உடை அணிந்தவர் பெரும்பாலும் 30 மீற்றருக்குள் வந்த பின்னரே கண்ணுக்குப் புலப்படுகின்றார். நாற்பத்தைந்தில் முப்பதைக் கழித்துப் பாருங்கள். எஞ்சுவதுதான் சாவு.

“நான் அவரைக் கண்டேனே, அவருக்கு நான் தெரியாமலா போவேன்?” என்று எண்ணுவதே பெரும் மயக்கம். வருகின்ற வண்டியின் விளக்கு எமக்கு வெகு தொலைவில் தெரிகின்றது. விளக்கற்ற எம்மை அவ்வண்டியோட்டி காண்பதில்லை. அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்தில் யோவான் வுட் என்ற ஆய்வாளரும் துணைவரும் மூடிய ஓடுபாதையிலே இரவில் வண்டியோட்டிகளை ஓடச்செய்து இதனைச் சோதித்து, 2012இல் வெளியிட்டார்கள். கறுப்பு உடையணிந்த சைக்கிளோட்டியை அடையாளங் கண்டது நூற்றுக்கு 2. பளிச்சிடும் வண்ணச் சட்டைக்கு 15. ஒளியைத் தெறிக்கும் சட்டைக்கு 50. அச்சட்டையோடு முழங்காலிலும் கணுக்காலிலும் தெறிப்புப் பட்டி கட்டியவருக்கோ 90! மேலும் கீழும் அசையும் காலைக் கண்டவுடன், முன்னே செல்வது மனிதன் என்பதை மனம் அறிந்துகொள்கின்றது. கணுக்காலில் ஒரு முழம் தெறிப்புப் பட்டி, பகலில் பளபளக்கும் மஞ்சட் சட்டையிலும் பன்மடங்கு பயன் தருகின்றது என்பதே இதன் பொருள்.

டென்மார்க்கின் ஒடென்சே நகரில் ஏறத்தாழ 3,800 சைக்கிளோட்டிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சில்லின் சுழற்சியாலேயே எப்போதும் ஒளிரும் காந்த விளக்கைப் பூட்டி ஓராண்டு கவனித்தார்கள். விளக்குப் பூட்டியோர் காயமுற்ற விபத்துகள் மற்றவர்களதிலும் நூற்றுக்கு 19 குறைந்திருந்தன.

எவ்விளக்கைத் தேர்வது?

முதலில் ஒரு தெளிவு வேண்டும். நாம் வீதியைப் பார்ப்பதற்கான விளக்கு வேறு. பிறர் எம்மைப் பார்ப்பதற்கான விளக்கு வேறு. எமது மக்கள் வாங்கும் ஒரே விளக்கு முதல் வகையினது. கைத்தொலைபேசியின் வெளிச்சத்தை ஒரு கையிலே பிடித்துக்கொண்டு மறு கையால் ஹாண்டிலைப் பிடித்து ஓடுவோரைக் காண்கின்றோம். அவ்வெளிச்சம் முன்னே இருக்கும் குழியைக் காட்டும். பின்னே வரும் காலனுக்கு எம்மைக் காட்டாது. ஆதலால் ஒரு விளக்கு வாங்கத்தான் காசு உண்டெனில் வாங்க வேண்டியது பின்னுக்கான சிவப்பு விளக்கே.

பின்விளக்கு அணைந்துபோனால் அதனை ஓட்டுபவர் அறியார். ஆகவே ஒன்றை நம்பாதீர்கள். விளக்கொன்று, அதனோடு மட்காட்டில் சிவப்புத் தெறிப்பான் ஒன்று. இயலுமாயின் இரண்டாம் விளக்கு. தெறிப்பானுக்கு மின்கலம் வேண்டா, அஃது அணைவதுமில்லை. ஆனால் பிறர் விளக்கு அதன்மேல் விழுந்தாலன்றி அஃது ஒளிராது. புழுதி படிந்தால் குருடாகும். ஆகவே தெறிப்பான் விளக்குக்குத் துணையாகுமேயன்றி விளக்காகாது.

கமக்காரருக்கு ஒரு தனிச்சொல். கரியரில் மூடை ஏற்றினால் ஆசனத்தின் கீழ்ப் பூட்டிய விளக்கு முழுதும் மறைந்துவிடும். விளக்கு இருந்தும் இல்லாதவராவீர்கள். கூண்டில் ஏறினால் “இருந்தது” என்பீர்கள், கண்டவர் ஒருவரும் இரார். மட்காட்டின் கீழ் நுனியிலோ, பின்சில்லின் அச்சருகே வலப்பக்கக் கம்பியிலோ அதனைப் பூட்டுங்கள். நம் நாட்டில் வண்டிகள் வலப்புறமாகவே முந்துகின்றன என்பதை மறவாதீர்கள். மூடையைக் கட்டிய பின் பத்துப் பாகம் பின்னே நடந்து திரும்பிப் பாருங்கள். விளக்கு நேரே பின்னோக்கியிருத்தல் வேண்டும். நிலத்தையோ வானத்தையோ பார்க்கும் விளக்கால் எவருக்கும் பயனில்லை.

விட்டுவிட்டு மின்னும் விளக்கு கண்ணை விரைவில் இழுக்கும். ஆனால் எவ்வளவு தூரத்தில் போகின்றார் என்பதை மதிப்பிடுவது பின்வருபவருக்குக் கடினமாகும். ஆகவே ஒன்று நின்றெரிய, இன்னொன்று மின்னுவது நன்று. ஒன்றே உண்டெனில் நின்றெரியட்டும். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. இம்முறையை மாற்றாதீர்கள். நீலமும் பச்சையுமாகச் சில்லில் சுழலும் அலங்காரங்கள் எத்திசையில் போகின்றீர்கள் என்பதையே குழப்பிவிடும். முன்விளக்கு எதிரே வருபவரின் கண்ணைக் குத்தாதபடி சற்றுக் கீழ்நோக்கட்டும். கண் கூசியவன் உம்மீதே வந்து ஏறுவான்.

எங்ஙனம் மின்சாரம் பெறுவது? றலி, ஹம்பர் வண்டிகளோடு வந்த பழைய டைனமோவை எள்ளி நகையாடாதீர்கள். 6 உவோற்று, 3 வாற்று தரும் அச்சிறு பொறி இன்றைய எல்.ஈ.டி. விளக்கோடு சேர்ந்தால் அன்றைய இழைக்குமிழ் தந்ததிலும் மிகுந்த ஒளியைத் தருகின்றது. மின்வெட்டு அதனை ஒன்றும் செய்யாது. அதன் குறை இரண்டு: மழையில் ரயரோடு வழுக்கும், வண்டி நின்றால் விளக்கும் அணையும். சந்தியில் நின்றுகொண்டிருக்கும்போதே இடிபடுவோர் உண்டாதலின், நின்ற பின்னும் சிறிது நேரம் எரியக் கொள்ளளவி பொருத்திய பின்விளக்கைத் தேடி வாங்குங்கள். மின்னேற்றும் விளக்கு வாங்குவோர் கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும்போதே அதற்கும் ஏற்றும் வழக்கத்தைக் கொள்ளவேண்டும். பொத்தான் மின்கல விளக்கு மலிவானது. ஆனால் அது திடீரென அணையாது, நாளுக்கு நாள் மங்கும். மங்குவதை அறியாமலே ஓடுவீர்கள். எதை வாங்கினும் ஐப்பசி கார்த்திகை மழை உட்புகாத மூடி உடையதா என்று பாருங்கள். கடைக்குள் வைத்துப் பார்க்காமல், ஒருவரை இருட்டில் நூறு பாகம் நடக்கச் சொல்லி, அங்கிருந்து தெரிகின்றதா என்று கேட்டு வாங்குங்கள்.

நாம் கேட்பவை

எமது கடமையைச் சொன்னோம். இனி அதிகாரத்திலுள்ளோரின் கடமையைக் கேட்போம்.

ஒன்று. விளக்கற்ற சைக்கிளை மறிக்கும் பொலிஸார், ஒற்றைக்கண் லொறியையும் பின்விளக்கற்ற டிப்பரையும் உழவு இயந்திரப் பெட்டியையும் அதே கண்டிப்போடு மறிக்கவேண்டும். எளியவனை மறிப்பது எளிது என்பதற்காகச் சட்டம் எளியவனோடு நின்றுவிடலாகாது.

இரண்டு. விபத்துக் குறிப்பில் சைக்கிளின் விளக்கைப் பதிவது போலவே மோதிய வண்டியின் விளக்கும், பிறேக்கும், அவ்விடத்து வீதி விளக்கின் நிலையும் தவறாது பதியப்படவேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டா, நேர்மை போதும்.

மூன்று. முதன்முறை விளக்கின்றிப் பிடிபட்ட கூலியாளிடம் தண்டப் பணம் அறவிடுவதிலும், விளக்குப் பூட்டிக் காட்ட ஒரு வார தவணை கொடுப்பது மேல். தண்டம் செலுத்தியவர் அன்றிரவும் விளக்கின்றியே வீடு போகின்றார். தவணை பெற்றவர் விளக்கோடு வருவார். இவற்றுள் எது வீதிக்குப் பாதுகாப்பு?

நான்கு. பிரதேச சபைகளும் மாநகர சபையும் சந்தைக்குச் செல்லும் வீதிகளின் விளக்குகளை முதலில் திருத்தவேண்டும். விழா நாளில் தோரண விளக்குக்குக் கிடைக்கும் மின்சாரம் விடியற்காலைக் கமக்காரருக்கு மட்டும் கிடையாதோ?

ஐந்து. பாடசாலைகளும், ரியூசன் நிலையங்களும், சனசமூக நிலையங்களும், கமக்காரர் அமைப்புகளும் ஒரு நாள் மாலையை ஒதுக்கித் தத்தம் சைக்கிள்களைப் பரிசோதிக்கட்டும். தொகையாக வாங்கினால் விலை குறையும். எமது சட்டத்தரணிகளும், வைத்தியர்களும், ஆசிரியர்களும் தத்தம் ஊரில் பத்துப் பேருக்கேனும் பின்விளக்கு வாங்கிக் கொடுத்தால், மேடையில் ஆயிரம் முறை “மக்கள், மக்கள்” என்று முழங்குவதிலும் அது பெருந் தொண்டாகும்.

இறுதியாக ஒன்று. அந்தத் தோட்டக்காரர் இன்றும் எம்மைக் காணும்போது வழக்கைப் பற்றிப் பேசுவதில்லை. “ஐயா, அண்டைக்கு அந்தச் சின்ன லைற் ஒண்டு இருந்திருந்தால்...” என்று தொடங்கி நிறுத்திவிடுவார். அவ்வாக்கியத்தை முடிக்க எமக்கும் துணிவில்லை. கண் கெட்ட பின் சூரிய வணக்கம் செய்து பயனென்ன? இதனை வாசிக்கும் உமது வீட்டுத் தாழ்வாரத்திலும் ஒரு சைக்கிள் சாய்ந்திருக்கும். அது நாளை விடியுமுன் வீதிக்கு இறங்கும். எழுந்து போய் அதன் பின்மட்காட்டை இன்றே பாருங்கள்.